ரெண்டு சென்டிமீட்டர் குறையுதாம்

ரெண்டு சென்டிமீட்டர் சார்! ரெண்டே ரெண்டு! என் கட்டைவிரல் அகலம் இருக்குமா? அதுக்குப் போய் ஒரு பொண்ணோட ரெக்கார்டு செல்லாதுங்கறாங்க. த்தூ!

உங்க பாத்ரூம் எங்க ஓடிடப்போகுது, இதைக் கேளுங்க. அந்த நீச்சல் குளத்துக்கு டைல்ஸ் ஒட்டினதே நான்தான். நீந்தினவ யாரு? என் கூடப்பொறந்த அக்கா பொண்ணு! போன மாசம் போட்டியில அம்பது மீட்டரைக் கிழிச்சா பாருங்க... பழைய ரெக்கார்டு காலி. கத்திக் கத்தி எனக்குத் தொண்டையே கட்டிப்போச்சு.

போட்டி முடிஞ்ச கையோட வந்தான் சார் ஒருத்தன். அளக்கறவராம்! ரெக்கார்டுன்னா குளத்தை அளந்தாத்தான் செல்லுமாம். கையில சிவப்பா வெளிச்சம் அடிக்கற மெஷின் ஒண்ணு. ஒவ்வொரு லேனா குனியறான், நிமிர்றான், எழுதறான். இவ நீந்தின நாலாவது லேன்ல வந்து உதட்டைப் பிதுக்கறான். நாப்பத்தொம்பது மீட்டர் தொண்ணூத்தெட்டு சென்டிமீட்டராம்! கூட இருந்தா மூணு சென்டிமீட்டர் வரைக்கும் பரவால்லையாம், குறைஞ்சா மயிரிழைகூட ஆகாதாம். தண்ணியில காலை நனைக்காதவன் குளத்துக்கு நியாயம் சொல்றான்!

அதைவிட வயித்தெரிச்சல் என்னன்னா... 'நாலாவது லேனை நல்லாப் பாருங்க'ன்னு அவன்கிட்ட சொன்னதே இவதானாம்! பைத்தியமாடி நீன்னு கேட்டேன். 'மூணு மாசமா சொல்றேனே மாமா, கையை நீட்டறதுக்குள்ள சுவரு வந்துடுதுன்னு'ங்கறா.

சொன்னாதான். நான்தான், 'போடி, சுவரு என்ன நடந்தா வருது'ன்னு வாயை அடைச்சேன்.

அழுதிருந்தாக்கூட ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேன் சார். அழலை. இப்ப ரெண்டு பஸ் மாறி வேற குளத்துக்குப் போறா. அக்கா என் போனையே எடுக்கறதில்லை. ஆகாத மாமனாயிட்டேன்!

என்னது? எப்படிக் குறைஞ்சுதா? அட, அந்த லேன் முடியற சுவத்துல பழைய டைல்ஸ் வெடிச்சிருந்துது. கொத்தி எடுக்கணும்னா எட்டு நாளு, முதுகு ஒடிஞ்சுடும். அப்படியே அதுமேலயே கலவையைப் பூசி புதுசை ஒட்டிட்டேன். எவன் வந்து அளக்கப்போறான்னு...

சரி, அதை விடுங்க. உங்க பாத்ரூம்ல யாரு நீந்தப்போறாங்க? இதையும் கொத்தாம மேலயே ஒட்டிடலாம். ரெண்டே நாள்ல...

சார்? வாசக்கதவை எதுக்கு சார் திறந்து பிடிச்சிட்டு நிக்கறீங்க?