பலகைச் சுவரில் உள்ள ஓட்டை பற்றி

எனக்கு இரைச்சல் ஆகாது. கட்டுகஸ்தோட்டையில் உங்கள் வரிசை வீடுகளில் பதினொரு வருடமாகக் குடியிருக்கிறேன். இந்தச் செல்லப்பாவின் அறையிலிருந்து சத்தம் வந்தது என்று ஒருவரும் உங்களிடம் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆகவே, ஹபீல் முதலாளி, எனக்கும் பக்கத்து அறைக்கும் நடுவிலுள்ள பலகைச் சுவரில் சுண்டுவிரல் அகல ஓட்டை எப்படி வந்தது என்று நீங்கள் எழுத்தில் கேட்டதும், ஒளிக்காமல் சொல்லிவிடுவதே முறை என்று தோன்றியது. ஓட்டையை நான்தான் போட்டேன். கறையான் என்று முதலில் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கந்தோரில் கோப்பு எழுதும் கிளாக்கர் நான் என்பது உங்களுக்குத் தெரியும். கிட்டார் வாசிப்பேன் என்பது தெரியாது. யாருக்கும் தெரியாது, ஏனென்றால் வாசிக்கச் சொல்லி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. திறமையைக் குடத்திலிட்ட விளக்கு என்பார்கள். என் குடத்துக்கு மூடியும் உண்டு.

ஊருக்குத் திரும்பிப்போன வெள்ளைக்காரத் துரை ஒருவரின் சாமான்களை ஏலம் விட்டபோது ஒரு பழைய சஞ்சிகை எனக்குக் கிடைத்தது. அதில் கிட்டார்ச் சத்தத்தைப் பெருக்கும் அம்ப்ளிபயர் ஒன்றின் படம். முன்பக்கம் துணி, மேலே தோல் பிடி, உள்ளே வரிசையாகக் கண்ணாடி வால்வுகள். இப்போது எல்லாரும் டிரான்சிஸ்டர் என்று அலைகிறார்கள். அதில் சத்தம் வரும், சூடு வராது. கண்ணாடிக்குள் கம்பி சிவந்து வரும் சத்தம்தான் கிட்டாருக்கு ஏற்றது என்று அந்தச் சஞ்சிகையில் போட்டிருந்தது. நானே செய்வது என்று முடிவெடுத்தேன். தேயிலைப் பெட்டிப் பலகையில் கூடு. பிஸ்கட் தகரத்தை வெட்டி அடித்தட்டு. ட்ரான்ஸ்போமருக்குக் கம்பியை விரலாலேயே சுற்றினேன், இரண்டாயிரத்து நானூறு சுற்று. நடுவில் யாரோ கதவைத் தட்டியதால் எண்ணிக்கை தப்பி, எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி சுற்றினேன். அவசரக்காரன் இல்லை நான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

எல்லாம் முடிந்தபோது இரண்டு சாமான்கள் குறைந்தன: கடைசியில் சத்தத்தைப் பெருக்கும் பெரிய வால்வு, ஒரு ஸ்பீக்கர். இறக்குமதி நின்றுபோன காலம். கண்டி முழுக்க அலைந்தும் கிடைக்கவில்லை. இரண்டும் பக்கத்து அறையில், இரத்தினம்மா அக்காவின் ரேடியோவுக்குள் இருந்தன.

அவரை உங்களுக்குத் தெரியும். ஹுன்னஸ்கிரிய தோட்டத்திலிருந்து வந்து, இடியப்பம் அவித்துப் பாலத்தடிக் கடைகளுக்குக் கொடுத்தவர். புருஷன் இல்லை. ஒரே மகள் புஷ்பம், கட்டியவனோடு இந்தியாவுக்குப் போய்விட்டாள். அக்காவுக்கும் இந்தியாவுக்குப் போகும் பத்திரம் கிடைத்திருந்தது. எழுபத்து நாலாம் ஆண்டு டிசம்பர் முப்பத்தோராந் திகதிக்குள் கப்பலேறாவிட்டால் அது செல்லாது. விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுத்தவன் நானென்றபடியால் அந்தத் திகதி எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் அவர் உடனே போகவில்லை. மகளின் கல்யாணப் பந்தியில் பெண்ணைப் பெற்றவளை மாப்பிள்ளை வீட்டார் ஒருவரும் சாப்பிடக் கூப்பிடவில்லையாம். அந்தச் சோற்றை அவர் இன்னும் மறக்கவில்லை. "கடுதாசியில கூப்புட்டா யாருக்குத் தெரியும் தம்பி? என் பெறந்த நாளுக்கு ரேடியோவுல பேரச் சொல்லிக் கூப்புடணும். நாலு பேரு கேக்கணும். அப்பதான் அந்த வாசப்படிய மிதிப்பேன். ரயிலேத்தி விடுறப்ப ஸ்டேஷன்ல வச்சுப் புஷ்பத்துகிட்டயும் அதத்தான் சொன்னேன்" என்றார். ஆகவே தினமும் மாலையில் பிறந்தநாள் வாழ்த்து நேரத்துக்கு ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் ரேடியோ கரகரக்கிறது என்று சொன்னார். துடைத்துக் கொடுப்பதாகச் சொல்லி வாங்கி, வால்வை எடுத்துக்கொண்டேன். திருட்டு என்று சொல்லமாட்டேன். பொருள் பத்தடி தள்ளி வந்தது, அவ்வளவுதான். வால்வு இல்லாத ரேடியோ பாடாதே, அவருக்கு நஷ்டம் வரக்கூடாது என்பதற்காகத்தான் ஓட்டை போட்டேன். என் அம்ப்ளிபயரிலிருந்து அதன் வழியாகக் கம்பி இழுத்து, ரேடியோவைத் திருப்பிக்கொண்டுபோய்ச் சுவரோரம் வைக்கும்போது, ஏரியல் கம்பி என்று சொல்லி அதன் ஸ்பீக்கரில் இணைத்தேன். என்னிடம் சின்ன டிரான்சிஸ்டர் ஒன்று உண்டு. அதில் வருவதை அம்ப்ளிபயரில் கொடுத்தால் அவருடைய பெட்டியில் கேட்கும். அவருக்கு வாழ்த்து, எனக்கு வால்வு. இதில் யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று?

இரண்டு வாரம் அப்படியே நடந்தது. பிறகு ஒரு மாலை, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், கிட்டாரில் நான்கு வரி வாசித்தேன். என் வாசிப்பை இன்னொரு மனிதப் பிறவி கேட்டது அதுதான் முதல் தடவை. மறுநாள் அக்கா வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, நேத்து ரேடியோவுல யாரோ ஒரு பாவி கம்பியப் போட்டுச் சொறண்டுனான். தாங்க முடியாம நிப்பாட்டினேன். நிப்பாட்டினாலும் பாடுது."

"அது நல்ல ரேடியோவின் லட்சணம் அக்கா. உள்ளே மிச்சமிருப்பது தீரும்வரை பாடும்" என்றேன்.

"அப்புடியா?" என்று என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். தோட்டத்திலிருந்து வந்தவர், சொன்னதை நம்பிவிட்டார்.

எனக்கு வலித்தது, முதலாளி. பாவி என்றதுகூடப் பரவாயில்லை, சுரண்டினான் என்றது பொறுக்கவில்லை. மறுநாளிலிருந்து நானே அறிவிப்பாளராகவும் ஆனேன். பழைய டெலிபோன் ரிசீவர் ஒன்றை மைக்காக இணைத்து, குரலை மாற்றிக்கொண்டு, "அடுத்து, மலைநாட்டின் மாபெரும் கிட்டார்க் கலைஞர்" என்று அறிவித்துவிட்டு வாசிப்பேன். கேட்கக் கேட்கக் காது பழகும். அதற்கு நாள் வேண்டும், அவர் இங்கேயே இருக்கவும் வேண்டும்.

அதனால்தான் எழுபத்து நாலாம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி அந்த வாழ்த்தை நானே வாசித்தேன். பாரத்தில் அவருடைய பிறந்த திகதி அதுதான். "கட்டுகஸ்தோட்டை இரத்தினம்மாவுக்கு மகள் புஷ்பத்தின் பிறந்தநாள் வாழ்த்து. இங்கே தண்ணீர்ப் பஞ்சம், இப்போதைக்கு வரவேண்டாம். அம்மா அங்கேயே சுகமாக இருக்கவும்." பிறகு, ஆறுதலாக இருக்கட்டும் என்று, ஒரு முழுப் பாட்டு வாசித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அக்கா ஒரு தட்டில் இடியப்பமும் சீனிச் சம்பலும் கொண்டுவந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது.

"இன்னைக்கு எனக்குப் பெறந்த நாளாம் தம்பி. ரேடியோவுல சொன்னாங்க. தோட்டத்துக் கிளாக்கர் எங்க லயத்துப் பொம்பளைங்க அம்புட்டுப் பேருக்கும் இந்தத் தேதியத்தான் எழுதிவச்சாரு. பதிவுக்குப் பேரு குடுக்கப் போன நாளு அது. என் மக அத மறக்கல பாருங்க."

உணர்ச்சிவசப்பட்டிருந்தார் என்று விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு எங்கள் ஒலிபரப்பு சிறப்பாக நடந்தது. ஒரே ஒரு சிக்கல்: நான் சொல்லாத செய்திகளும் அவர் காதில் விழ ஆரம்பித்தன. "பக்கத்து வீட்டுக்கு வெறகு பொளந்து குடுக்குறவனுக்கு மூட்டு வலியே வராதாம் தம்பி, ரேடியோவுல சொன்னாங்க" என்பார். நான் அப்படி எதையும் அறிவிக்கவில்லை. ஆனால், சொல்லவில்லை என்று எப்படிச் சொல்வது? எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால்? விறகு பிளந்தேன். பிறகு, காலையில் இடியப்பத் தட்டைப் பாலத்தடிவரை சுமக்கும் ஆம்பளைக்குச் சனி தோஷம் விலகும் என்று ரேடியோ சொன்னதாம். அதையும் சுமந்தேன். அப்பாவிகளுக்குக் காது கொஞ்சம் முன்னே பின்னேதான் இருக்கும். நாம்தான் விட்டுக்கொடுத்துப் போகவேண்டும்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு வந்தது. வாழ்த்து நேரமானதும், மாவு சலிக்கச் சல்லடை வேண்டும் என்று எதிர்வீட்டு ஸுலைஹா அக்காவிடம் போவார். ரேடியோ தன்பாட்டில் பாடிக்கொண்டிருக்கும். மாவு சலிக்க அரை மணித்தியாலம் ஆகும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தத் திருக்கார்த்திகை அன்று மாலை, வீட்டுக்கு வீடு விளக்கு வைத்துக்கொண்டிருந்த நேரத்தில், என் டிரான்சிஸ்டரில் உண்மையான அறிவிப்பாளர் உண்மையான வாழ்த்து ஒன்றை வாசித்தார். "திருக்கார்த்திகை நாளில் பிறந்த அன்பு அம்மா, கட்டுகஸ்தோட்டை இரத்தினம்மாவை, மகள் புஷ்பமும் மருமகனும் மாப்பிள்ளை வீட்டார் அனைவரும் வாழ்த்தி அழைக்கிறார்கள். தை மாதம் தலைப்பிரசவம். அம்மா உடனே வரவும்."

பேரைக் கேட்டதுமே டிரான்சிஸ்டரின் குமிழைக் குறைத்துவிட்டேன். மற்றதை நான் மட்டும் காதோடு வைத்துக் கேட்டேன். பத்திரம் முடிய ஒரு மாதமே இருந்தது என்பது தெரியும். மாப்பிள்ளை வீட்டாரின் பெயர் வரவேண்டும் என்று அவர் எவ்வளவு காத்திருந்தார் என்பதும் தெரியும். எல்லாம் தெரிந்துகொண்டுதான் கிட்டாரை எடுத்து நான்கு நிமிடம் வாசித்தேன். அன்றைக்கு விரல் ஓர் இடத்திலும் தப்பவில்லை. அந்த அம்ப்ளிபயர் எதற்காகப் பிறந்ததோ அந்தச் சத்தம் அன்றைக்குத்தான் வந்தது. மறுநாளும் அதற்கு மறுநாளும் சொல்ல நேரம் இருந்தது, சொல்லவில்லை. இதை நீங்கள் கேட்கவில்லை. ஓட்டையைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லவேண்டியிருக்கிறது.

மூன்றாம் நாள் கந்தோரிலிருந்து வந்தபோது பக்கத்து அறை பூட்டிக்கிடந்தது. ஸுலைஹா அக்கா வாசலில் நின்றார்.

"இரத்தினம்மா கப்பலேறத் தலைமன்னார் ரயிலுக்குப் போயிட்டா தம்பி. கார்த்திகை அன்டைக்கு மகள் கூப்பிட்டத எங்கட ஊட்டு ரேடியோவுலதான் கேட்டா. ஜனவரியில இருந்தே ஒவ்வொரு நாளும் எங்கட ஊட்டுலதானே கேட்டா. அந்தப் பொய் வாழ்த்தச் சொல்லிச் சொல்லி ரெண்டு பேரும் வயிறு நோகச் சிரிச்சோம்."

அப்படியானால் அந்த நான்கு நிமிடமும் நான் வெற்று அறைக்கு வாசித்திருக்கிறேன். இதை ஸுலைஹா அக்கா உங்களிடமும் சொல்லியிருப்பார். நம்பவேண்டாம். எதிர்வீட்டுக்காரர்கள் கண், காது, மூக்கு வைத்துப் பேசுவது உலக வழக்கம். இரத்தினம்மா அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்பதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது: ரேடியோவை அவர் விட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஏன் எடுத்துப்போகவில்லை என்று ஸுலைஹா அக்கா கேட்டாராம். "அத நான் கொண்டுபோயிட்டா அந்தத் தம்பி பாவம் எதுல வாசிப்பாரு?" என்றாராம். என் வாசிப்பை ரசிக்காத ஒருவர் இப்படிச் சொல்லியிருப்பாரா?

கப்பல் கிடைத்திருக்கும். தைக்குள் போய்ச் சேர்ந்திருப்பார். நான் தடுக்கப் பார்த்ததில் அவருக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை என்பதையும் நீங்கள் கணக்கில் எடுக்கவேண்டும். விறகு முழுக்க நான் பிளந்தது.

இப்போதும் மாலை வேளையில் ஒலிபரப்பு தவறாமல் நடக்கிறது. அந்தப் பக்கத்திலிருந்து இதுவரை ஒரு குறையும் வரவில்லை. ஆகவே ஓட்டையை அடைக்கவேண்டாம் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். அந்த அறைக்கு யாரைக் குடிவைத்தாலும் எனக்குச் சம்மதம். எதிர்வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாதவராக மட்டும் பார்த்து வையுங்கள்.