கோளத்துக்கு மூன்று வட்டம் வரைந்த லோகநாயகி அம்மையாருக்கு

கோடும் கோணமும் குறையாத கையினரே, வட்டமும் வளைவும் வழுவாத கண்ணினரே, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகடு வெட்டி உருவம் செய்யும் எங்கள் பட்டறையின் வரைபட மேசையைப் பதினான்கு ஆண்டுகள் ஆண்டு, இன்று பணிநிறைவு பெறும் அம்மையாரே, வணக்கம்.

தாங்கள் வரைந்த கோளம் உருண்டோடிவிடும் என்று தாளின்மேல் நாங்கள் பேப்பர்வெயிட் வைத்ததுண்டு. தாங்கள் சீவிய பென்சிலின் கூர்மைக்கு அஞ்சி அந்த மேசைப் பக்கம் கொசு வந்ததில்லை. ஆகவே மதியத்தில் சிலர் அதனடியில் உறங்கினோம். இதை மிகை என்போர் அந்நாளில் இங்கே பணியில் இல்லாதவர்கள்.

நன்றியோடு நாங்கள் நினைப்பது 1984-ஆம் ஆண்டை. தாங்கள் வேலைக்குப் புதிது. முகப்பேரில் ஒரு பள்ளி, வாசல் வளைவின்மேல் வைக்கத் தகட்டில் உலக உருண்டை கேட்டது. முன்னிருந்து, மேலிருந்து, பக்கத்திலிருந்து என மூன்று தோற்றம் வரைந்தீர்கள், மூன்றும் வட்டம். உருண்டையை உரித்து விரித்தாற்போல், நடு பருத்து முனை கூர்த்த பன்னிரண்டு இதழ்களும் வரைந்தீர்கள்.

"இன்னாம்மா, ஒரே வட்டத்த மூணு தபா போட்டுகீறே? பேப்பர் இன்னா சும்மாவா வருது?" என்ற முதலாளி உத்தமன், இதழ்களோடு மேல்தோற்றத்தை மட்டும் பட்டறைக்கு அனுப்பினார்.

தகடு வெட்டும் வேம்புலி, ஆவடியில் டிரங்குப் பெட்டி செய்து பழகியவர். பெட்டிக்கு மடிப்பு விடும் வழக்கப்படி ஒவ்வோர் இதழுக்கும் இருபுறமும் அரை அங்குலம் கூட்டி வெட்டினார். வெல்டிங்காரரோ மடிக்காமல் விளிம்போடு விளிம்பு வைத்துப் பற்றவைத்தார். ஏணியேறி மேலிருந்து பார்த்தோம்: வட்டம். சரி என்று எழுதினோம். கீழிறங்கிப் பக்கத்திலிருந்து பார்த்தோம்: உச்சி தட்டையாகி இடுப்பு பெருத்த பூசணிக்காய்.

"டிராயிங் தப்பு. நாளைக்கு நீ வர வேணாம்மா" என்றார் முதலாளி.

அப்போது பார்வையிட வந்த பள்ளியின் பூகோள ஆசிரியை ஞானம்மாள், பூசணியைச் சுற்றிவந்து பூரித்தார். "பூமி துருவத்துல தட்டைதான் சார். எவ்ளோ கரெக்டா செஞ்சிருக்கீங்க."

"கணக்கு போட்டுதான் டீச்சர் செஞ்சோம். நம்ம டிராயிங் அம்மா பலே கெட்டி" என்றார் முதலாளி.

தங்கள் வேலை தப்பிப் பிழைத்தது. தாங்கள் வாய்மூடி நின்றிருந்தால் போதும். தாங்களோ, "பூமி அவ்ளோ தட்டை இல்ல டீச்சர். இது தப்பா வந்த உருண்டை. என் டிராயிங்ல மூணு பக்கமும் வட்டம்தான். வேற செஞ்சு தர்றோம்" என்றீர்கள்.

முதலாளியின் முகம் மூன்று தோற்றத்திலும் சிவந்தது.

பின்னாலிருந்து ஒரு குரல்: "மடிப்பு உட்டது நான், மொதலாளி. அந்த அம்மாவ அனுப்புனா எனக்கும் கணக்கு முடிச்சுடு." வேம்புலி. அதன்பின் வெல்டிங்காரர், ஏணியேறியவர்கள் என ஒவ்வொருவராக வந்து தங்கள் பக்கம் நின்றோம். எல்லோரையும் அனுப்பினால் பட்டறையைப் பூட்ட வேண்டும் என்பது முதலாளிக்கும் விளங்கியது. புது உருண்டை சொன்ன நாளில் வளைவேறியது. அதுமுதல் மூன்று தோற்றமும் வராமல் இங்கே ஒரு தகடும் வெட்டப்படுவதில்லை.

வேலை போகும் என்று தெரிந்தும் பேசினீர்கள். எங்களுக்கும் பேச்சு வந்தது. அதற்கு நன்றி, அம்மையாரே. நோயின்றி, கண்ணாடியின் பவர் ஏறாமல், பட்டாபிராம் ரயிலில் என்றும் ஜன்னலோர இடம் கிடைத்து, நெடுங்காலம் வாழ்க.

இம்மடலில் யார் முதலில் ஒப்பமிடுவது என்று கேட்டபோது, முதலாளி பேனாவை வேம்புலியிடம் கொடுத்தார்.

தங்கள் அன்பு மறவாத,
வேம்புலி,
உத்தமன்,
மற்றும் பட்டறைப் பணியாளர்கள்
அம்பத்தூர், 1998