புள்ளி வைத்த இடங்கள்

— என் ஆத்தா சொல்லச் சொல்ல நான் எழுதின அந்த நாலு பக்கத்தையும் குடுங்க, ஐயா.

— உக்காரு, இருளாயி. பி.ஏ. படிச்ச பிள்ளை, வந்ததும் வராததுமா இப்படியா? அந்தப் பேச்சை இனி எடுக்கவே கூடாதுன்னு சொல்லித்தானே உன் புத்தகத்தை அச்சில் ஏத்தினேன்.

— நின்னுக்கிறேன். அன்னிக்குத் தலையாட்டினேன். இன்னிக்கு ஆட்ட மாட்டேன். ரெண்டாம் பதிப்பு ஓடுதுல்ல? அந்த நாலு பக்கமும் இதுலயாச்சும் சேரணும். சேராம ஒரு காயிதம் வெளிய போகக் கூடாது.

— நல்லதம்பி, மிசினை நிறுத்துப்பா. இவ பேசுறது வீதி வரைக்கும் கேக்கும் போல.

— நிறுத்திட்டேங்க ஐயா. என்ன தங்கச்சி, இந்தச் சித்திரை வெயில்ல கந்தர்வக்கோட்டையிலேர்ந்தா வார? தண்ணி குடிக்கிறியா?

— வேணாம்ண்ணே. நீங்கதானே எழுத்துக் கோத்தது, நீங்களே சொல்லுங்க. மொதப் பதிப்புல எத்தனை எடத்துல புள்ளி வச்சீங்க?

— அது… நாப்பத்திரண்டு எடம். எடத்துக்கு ஆறு புள்ளி. பொட்டியில இருந்த முற்றுப்புள்ளி எழுத்தெல்லாம் தீந்துபோயி, கீழராஜ வீதி பிரஸ்ல போய் ரெண்டு கை அள்ளியாந்தேன். எதுக்குப்பா இம்புட்டுப் புள்ளின்னான். பிரசவப் புத்தகத்துக்குன்னேன். சிரிச்சான்.

— நல்லதம்பி, நீ போய்ச் சாப்பிட்டு வா.

— போறேங்க. தங்கச்சி, கோத்த எழுத்தெல்லாம் இன்னும் பிரிக்காமக் கட்டுலதான் கெடக்கு. ஐயா ஒரு வார்த்தை சொன்னா ஒரு பொழுதுல மாத்திப்புடுவேன். நம்மகிட்ட என்ன இருக்கு, வார்த்தை அவுகளுது.

— போடான்னா நின்னு பேசுறான். இருக்கட்டும். இருளாயி, நீ என்னைக் குற்றவாளியா நிறுத்தப் பாக்குற. இருளாயிங்கிற பேரை அட்டையில போடுறதுக்கே எத்தனை பேர் வேணாம்னாங்க தெரியுமா? மருத்துவச்சி மக எழுதினதை எந்தக் குடும்பத்துல வாங்குவாங்கன்னு கேட்டாங்க. இந்த சிவசாமிதான் போட்டேன்.

— போட்டீங்க. என் பேரை முழுசாப் போட்டீங்க. என் பேருக்கு மட்டும் புள்ளி வைக்கல. மீமிசல்ல ஒருத்தி செத்துட்டா, ஐயா.

— பிரசவத்துல சாவு இல்லாத ஊர் எது?

— கேளுங்க. பத்தொம்பது வயசு. மரியசெல்வம்னு ஒரு மீன்காரரு, அவரு பொண்டாட்டி ஜெபமாலை. பிரசவம் பாத்தவ அந்தோணிமேரி. தாதி வகுப்புல மூணு மாசம் இந்தப் புத்தகத்தைத்தான் பாடம் படிச்சா. பிள்ளை அழுதுகிட்டே வந்துச்சு. நஞ்சுக்கொடி முழுசா விழுந்துச்சு. ரத்தம் மட்டும் நிக்கல. அந்தோணிமேரி வயித்தைத் தொட்டுப் பாத்தா, கர்ப்பப்பை கல்லாட்டம் கெட்டியா இருக்கு. அப்ப ரத்தம் எங்கிட்டிருந்து வருது? புத்தகத்தை விரிச்சா. முப்பத்தோராம் பக்கம். வாசிக்கவா?

— அந்தப் பக்கம் எனக்குத் தெரியும்.

— காதால கேட்டதில்லையே. ஆறு புள்ளியை மூணாக் கொறச்சு வாசிக்கிறேன். “வயிறு கெட்டிப்பட்ட பின்பும் உதிரம் நில்லாவிடில், புள்ளி புள்ளி புள்ளியைப் பார்க்க. புள்ளி புள்ளி புள்ளிக்குப் பக்கத்தில் கிழிந்திருப்பின், சுத்தமான துணியைப் புள்ளி புள்ளி புள்ளியில் வைத்து அழுத்துக.” இதுதான் நீங்க போட்ட பாடம். இந்தாங்க, இது அவ வச்சிருந்த புத்தகமேதான். ஓரத்துல பழுப்பா இருக்கே, மை இல்லை. அவ கட்டைவிரல்.

— மூடு அதை.

— வயித்தைப் போட்டுப் பிசைஞ்சுகிட்டே இருந்திருக்கா. மத்தியானம் ஆரம்பிச்சது, வெயில் தாழுறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. குளிப்பாட்டின பொம்பளைங்கதான் பாத்திருக்காங்க. மூத்திரத் துவாரத்துக்கு மேல, பருப்புக்குப் பக்கத்துல, அரை விரக்கடை கிழிசல். அவ்வளவுதான். துணியை வச்சு அழுத்தி விடாமப் பிடிச்சிருந்தா இன்னிக்கு அவ பால் குடுத்துக்கிட்டு இருப்பா.

— என் முன்னாடி அந்தச் சொல்லையெல்லாம்…

— எந்தச் சொல்லு? பருப்பா? அதைத்தான் என் ஆத்தா சொன்னா. ஈர்க்குச்சியை எடுத்து மணல்ல கோடு போட்டுக் காட்டினா. இது வெளி உதடு, இது உள் உதடு, ரெண்டும் மேல கூடுற எடத்துல இருக்கிறது பருப்பு, இது மூத்திரம் போற வழி, இது பிள்ளை வார வழி, கிழிஞ்சா இங்கிட்டு இத்தனை விரல் விட்டு அழுத்தணும். அறுநூறு பிள்ளை எடுத்த கை அளந்த அளவு. பாத்துப் பாத்துப் பேனாவால வரைஞ்சேன். அதைத்தான் நீங்க உருவிட்டீங்க.

— அம்மாடி, நான் சொல்றதையும் கேளு. சபையில வைக்கிற சொல்னு ஒண்ணு இருக்கு, வைக்கக் கூடாததுன்னு ஒண்ணு இருக்கு. அச்சுல ஏறிட்டா அது சபை. அந்தப் படத்தைக் கண்டவனும் பெட்டிக்கடையில வச்சுப் பாத்துச் சிரிப்பான். ஆபாசப் புத்தகம்னு யாராவது எழுதிப் போட்டா சமஸ்தானத்துல என் அச்சகத்துக்குப் பூட்டு விழும். பதினாலு குடும்பம் இதை நம்பி இருக்கு.

— போன வருசம் நீங்க உரை எழுதிப் போட்ட உலாவுக்கு ஏன் பூட்டு விழல?

— அது இலக்கியம்.

— அதுக்குப் புரூப் பாத்தது நான். அல்குல்னு ஒரு சொல் வருது. பாம்புப் படமாம், தேர்த்தட்டாம், ஆலிலையாம். உங்க உரை மட்டும் பதினோரு பக்கம். ஒரு எடத்துலகூடப் புள்ளி இல்லை. அப்புறம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குன்னு சின்னதா ஒரு பதிப்பு போட்டீங்க. அதுல அதே சொல்லுக்கு இடுப்புன்னு அர்த்தம் போட்டீங்க. ஆம்பளை வாசிச்சா தேர்த்தட்டு, பொம்பளைப் பிள்ளை வாசிச்சா இடுப்பு.

— ஏட்டுச்சுவடிக் காலத்துலேர்ந்து அப்படித்தான் வருது. நானா உண்டாக்கினேன்?

— சுவடியையும் பாத்தேன். வைத்தியர் வீட்டு ஏட்டுல மறைவிடம்னு ஒரு வார்த்தையோட கடந்து போயிட்டான். ஆம்பளை சொகத்துக்குன்னு எழுதின ஏட்டுல மட்டும் வக்கணையா எத்தனை சாதியா வகை பிரிச்சிருக்கான். சரி, வெள்ளைக்காரனாச்சும் எழுதியிருப்பான்னு திருச்சியில படிக்கிறப்ப ஒரு டாக்டர் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். புத்தகம் பூரா இங்கிலீஷ். அந்த ஒரு பக்கம் மட்டும் லத்தீன். மூணு நாள் அகராதியோட உக்காந்து படிச்சேன். அதுவும் ஆம்பளைக்கு எழுதினதுதான்.

— கோபத்துல பேசுற.

— ஆமா. அந்தச் சொல்லு இந்த ஊர்ல எங்க உசிரோட இருக்கு தெரியுமா? கள்ளுக்கடை வாசல்ல. அடுத்தவன் ஆத்தாளைத் திட்டுறதுக்கு. அங்க முழுசா சொல்றான், புள்ளி வைக்காம. தாதி கையில வந்தா மட்டும் புள்ளி.

— இருக்கட்டும். நீயே திரும்ப எழுதேன். எழுதி வேற எங்கேயாவது போட்டுக்கோ. நான் குறுக்க வரல.

— ஆத்தா தை மாசம் செத்துட்டா. எனக்கு நெனவுல இருக்கிறது பாதிதான். எத்தனை விரல், எந்தப் பக்கம், எப்ப தைக்க ஆள் கூப்பிடணும், எல்லாம் அந்தக் காயிதத்துல இருக்கு. பாதியை எழுதி இன்னொருத்தியைக் கொல்லச் சொல்றீங்களா?

— உன் ஆத்தா சின்னப்பிள்ளைக்கு நல்ல கை. இல்லேங்கல. என் மக சொர்ணவல்லியை எடுத்ததே அவதான்.

— கொல்லைப்பக்கமா வரச் சொன்னீங்க. பிள்ளையைக் கையில குடுத்துட்டு அதே வழியா வந்தா. அவ போனப்புறம் தண்ணி ஊத்திக் கழுவினீங்க. ஆத்தா சிரிச்சுக்கிட்டே சொல்லுவா. எனக்குச் சிரிப்பு வரல. சொர்ணத்துக்கு இப்ப எத்தனை மாசம்?

— எட்டு. தலைப்பிரசவம். அவ தாயார் இல்லாத வீடு, எனக்குப் பயம்தான். ஆஸ்பத்திரிக்கு விட மாட்டேன், அங்க ஆம்பளை டாக்டர். தாதி வகுப்புல முதலா வந்த பொண்ணு ஒருத்தியை ஏற்பாடு பண்ணியிருக்கேன். உன் புத்தகத்தைத் தலைகீழா ஒப்பிக்கிறா.

— புள்ளியோடவா?

— புத்தகத்துல உள்ளபடிதான்.

— சொல்லுங்க ஐயா. முப்பத்தோராம் பக்கத்தை அவ எப்படி ஒப்பிக்கிறா?

— என் மகளுக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் ஆகாது.

— மரியசெல்வமும் அப்படித்தான் நெனச்சிருப்பாரு. கடைசியாக் கேக்குறேன். அந்த நாலு பக்கத்தையும் சேக்குறீங்களா? உங்க மகளுக்காகவாச்சும்?

— சேக்க முடியாது.

— முடியாதா, மாட்டீங்களா?

— முடியாது. காயிதம் இல்லை. பெட்டியில பத்திரமா இருக்குன்னு உன்கிட்ட சொன்னது பொய். எரிச்சாச்சு.

— எப்ப?

— போன ஆடியில. இருந்தாலும் சேத்திருக்க மாட்டேன், அதையும் சொல்லிடுறேன். நாளைக்கு நான் செத்து, என் பெட்டியைத் திறந்து பாக்குறவன் என்ன நினைப்பான்? அதைக் கையால தொடவே எனக்குக் கூசுச்சு.

— தொடாம எப்படி எரிச்சீங்க?

— சொர்ணம் ஆடிக்கு வந்திருந்தா. துணியில சுத்தி அவ கையில குடுத்தேன். பிரிச்சுப் பாக்காம வெந்நீர் அடுப்புல போடும்மான்னேன். போட்டுட்டேன்பான்னு வந்து சொன்னா. அப்பன் சொல்லைத் தட்டாத பிள்ளை.

— இப்ப எங்க அவ?

— கோயிலுக்குப் போறேன்னு காலையிலயே போனா. எதுக்குக் கேக்குற? எங்க கிளம்பிட்ட? இருளாயி, மோர் குடிச்சுட்டுப் போ. அட்டையில பி.ஏ.ங்கிறதைப் பெரிசாப் போடச் சொல்றேன்.

— என் பேரை அட்டையிலேர்ந்து எடுத்துருங்க. அங்கிட்டு ஆறு புள்ளி வச்சுக்கங்க. திருச்சி ரயிலுக்கு நேரமாச்சு.

— திருச்சியில யாரு இருக்கா உனக்கு?

— ஒரு பொம்பளை டாக்டர் இருக்காங்க. ஒரு அச்சாபீசும் இருக்கு. ரெண்டுக்கும் சொல்லி வச்சாச்சு.

— எரிஞ்சதை எப்படி அச்சடிப்ப?

— அப்பா வாயால சரின்னு ஒரு வார்த்தை வந்துட்டா வண்டியைத் திருப்பிடலாம், ஒரு தடவை கேட்டுப் பாருன்னு சொர்ணம்தான் என்னை உள்ள அனுப்புனா. வாசல்ல வண்டியில உக்காந்திருக்கா, ஐயா. அந்த நாலு பக்கமும் அவ மடியிலதான் இருக்கு.