மாப்பிள்ளை பார்க்கப் போன இடம்

– மெதுவா பேசுங்க அத்தான், அவன் காதுல விழப்போகுது.

– விழட்டுமே! நான் ஒண்ணு கேக்கறேன் மச்சான், வெயில்கூட இன்னும் இறங்கல, அதுக்குள்ள பார் கடையத் திறந்து வெச்சுக்கிட்டு நிக்கிறான். இவனுக்கா என் பொண்ணு?

– உங்க பொண்ணுதான் இவனத் தவிர வேற யாரையும் கட்டிக்க மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. அதுக்குத்தானே அவகிட்டகூட சொல்லாம பாக்க வந்தோம்? பாருங்க நல்லா. ஆள் லட்சணமாத்தான் இருக்கான்.

– லட்சணத்த வெச்சு என்ன பண்றது? அவ ஏதோ ஓட்டல் ஆபீஸ்ல கௌரவமா உக்காந்து வேலை பாக்கறா. இவன் சாராயம் ஊத்தறான்.

– சாராயம்னு சொல்லாதீங்க அத்தான், காக்டெயில். ஏலக்காய், கிராம்பு, பட்டை எல்லாம் போட்டுக் கலக்கறது. விளக்கப் பாருங்க, வெல்வெட் நாற்காலியப் பாருங்க. எனக்கு இங்கயே குடிவந்துடலாம்போல இருக்கு.

– மளிகைச் சாமான் போட்டுட்டா சாராயம் மருந்தாயிடுமா?

– வணக்கம் சார். என்ன சாப்பிடறீங்க?

– எனக்கு இருக்கறதுலயே காரமா ஒண்ணு, தம்பி. கை தாராளமா இருக்கட்டும். இவருக்கும் அதேதான், ஆனா சரக்கு சேக்காம.

– சரிங்க சார். அதுவரைக்கும் இதத் தொட்டுக்கங்க. பனீர், கொத்தமல்லி விதை வறுத்து அரைச்சுத் தடவி சுட்டது.

– நாலே துண்டா? எங்க வீட்ல ஊறுகாயே இதவிட அதிகமா வைப்போம்.

– இங்க எல்லாமே சின்னத் தட்டுதான் சார். தப்பா எடுத்துக்காதீங்க.

– எப்படி அத்தான் இருக்கு?

– ம். நல்லாத்தான் இருக்கு. அத அவன்கிட்ட சொல்லித் தொலைக்காத.

– இந்தாங்க சார், ரெண்டு கிளாஸும்.

– ஐயோ, அம்மா! என்னய்யா இது, மிளகா அரைச்ச அம்மியக் கழுவி ஊத்தினியா? தண்ணி குடு, தண்ணி!

– மன்னிச்சிடுங்க சார், அளவு தப்பிடுச்சு! ஒரு நிமிஷம், வேற தரேன்.

– கவுன்ட்டருக்குக் கீழ உக்காந்து என்ன பண்றான் மச்சான்?

– ஐஸ் பெட்டி கீழதானே இருக்கும். பாவம், பயந்துட்டான். நீங்க பாக்கற பார்வை அப்படி.

– சார், இதக் குடிச்சுப் பாருங்க.

– என்ன அத்தான், ஒரே மடக்குல முடிச்சிட்டீங்க?

– ஓமம். வறுத்த ஓமம், சுக்கு, வெல்லம், கடைசியா ரெண்டு சொட்டு எலுமிச்சை. மச்சான், இது நான் போடற கஷாயம்டா. உங்கக்கா போனப்புறம் குழந்தைக்கு சளி பிடிச்சா மடியில உக்காரவெச்சு ஊட்டுவேனே, அதே பக்குவம்.

– கண்ணு கலங்குது உங்களுக்கு.

– மிளகா காரம்.

– இங்க அதிகமா போறதே இதுதான் சார். எல்லாரும் சரக்கு சேத்துக் கேப்பாங்க. இதுக்காகவே வர்றவங்க நிறைய பேர்.

– தம்பி, நேராவே கேக்கறேன். நான் யாருன்னு தெரியுமா?

– கதவத் திறந்து உள்ள வந்தப்பவே தெரியும் சார். அதான் அளவு தப்பிடுச்சு.

– அப்ப நல்லதாப் போச்சு. நீ தங்கமான பையனாத்தான் தெரியற. ஆனா ஒண்ணு, இந்த வேலைய விட்டாத்தான் என் பொண்ணு உனக்கு.

– இது என் வேலையே இல்ல சார். நான் சமையல்கட்டு. அந்தப் பனீர்தான் என் கை. எனக்குக் கலக்க வராதுன்னு முதல் கிளாஸ்லயே தெரிஞ்சிருக்குமே?

– அப்ப ஏன் இங்க நிக்கிற?

– இங்க நிக்கறவங்களுக்கு இன்னிக்கு திடீர்னு நிக்க முடியாமப் போச்சு.

– சரி, இந்த ரெண்டாவது கிளாஸ் யார் போட்டது?

– அவங்கதான். மூணு வருஷமா இங்க கலக்கறது எல்லாமே அவங்கதான்.

– அடேயப்பா! இதுக்குன்னே பொறந்த கைடா அது. அந்தக் கைக்குத் தங்கக் காப்பு பண்ணிப் போடணும் மச்சான். யார் என்ன சொன்னாலும் இந்த வேலைய விடக்கூடாதுன்னு நான் சொன்னதா அவர்கிட்ட சொல்லு தம்பி.

– நீங்களே சொல்லிடுங்க சார்.

– சொல்றேன், கூப்பிடு. எங்க அந்த ஆளு?

– அப்பா… கீழதான் இருக்கேன்ப்பா. காலு ரெண்டும் மரத்துப்போச்சு. எந்திரிக்கட்டுமா?