தொங்கல் காம்பரா

தேத்தண்ணியைச் சூட்டோடு குடித்துவிடுங்கள், மிஸ். எங்கள் மலையில் எதுவும் சீக்கிரம் ஆறிவிடும். சீனி போதாவிட்டால் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள்.

தனுஷிகா உங்கள் வேனில் ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பள்ளிக்கூடப் பையோடு துணிப்பையையும் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். இருக்கட்டும். பதினொரு வயதில் பெண் பிள்ளைகளுக்கு ரோஷம் வருவது வழக்கம்தான். அவள் டீச்சரிடம் என்னவோ சொல்ல, டீச்சர் உங்களிடம் சொல்ல, நீங்கள் லிந்துலையிலிருந்து இத்தனை வளைவு ஏறி வந்திருக்கிறீர்கள். சிறுவர் நன்னடத்தை அதிகாரி என்றால் போலீஸ்காரர் மாதிரி அதட்டுவார் என்று நினைத்திருந்தேன். உங்களிடம் பேசலாம் போலிருக்கிறது. என் தங்கை பிரியந்தி எப்படிச் செத்தாள் என்று கேட்கிறீர்கள். கொரோனாவில் செத்தாள். அதில் பொய் இல்லை. மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

நான் இந்தத் தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் ஆயா. தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை என்னிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். இங்கே பாதிப் பேருக்கு நடை பழக்கியவள் நான்தான். சாயங்காலம் ஒவ்வொருத்தியாக வந்து தன் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு போவாள். நான் தொட்டில் சேலைகளை மடித்து வைத்துவிட்டு வெறுங்கையோடு லயத்து வரிசையில் என் வீட்டுக்கு வருவேன். எனக்குப் பிள்ளை தங்கவில்லை. அதைச் சாக்காக வைத்து என் வீட்டுக்காரரும் நல்லதண்ணிப் பக்கம் இன்னொருத்தியோடு போய்விட்டார். அந்தக் கதை உங்களுக்குத் தேவையில்லை.

பிரியந்தியின் புருஷன் மரம் விழுந்து போய்ச் சேர்ந்தான். அவள் தவழ்கிற பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டுக் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனாள். "ரெண்டு வருசந்தான் அக்கா, வந்து கூட்டிக்கிறேன்" என்றாள். ரெண்டு வருஷம் எப்படி ஆறேழு வருஷமாகும் என்று உங்களுக்குத் தெரியாததா? சாயங்காலம் ஆனாலும் யாரும் வந்து தூக்கிக்கொண்டு போகாத பிள்ளை எனக்கு அவள் ஒருத்திதான். என்னை அம்மா என்று கூப்பிட்டாள். தீபாவளிக்கு வந்து போகிறவளைக் கொழும்பம்மா என்றாள். அப்படிக் கூப்பிட நான் சொல்லிக் கொடுக்கவில்லை. திருத்தவும் இல்லை.

பிறகு கொரோனா வந்தது. நாடே கதவைச் சாத்திக்கொண்டபோதும் கொழுந்து எடுப்பது நிற்கவில்லை. காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வருகிறவர்கள் தள்ளித் தள்ளி நிற்கச் சுண்ணாம்பில் வட்டம் போட்டார்கள். வட்டத்துக்குள் ஒழுங்காக நின்றவர்கள் வேலை முடிந்து வந்து ஒரே பீலியில் முட்டி மோதித் தண்ணீர் பிடித்தார்கள். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கி வெற்றிலை போடுவார்கள், கங்காணி தலை தெரிந்தால் ஏற்றிக்கொள்வார்கள். எங்களுக்குச் சிரிப்பாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. பிள்ளைமடுவத்தைப் பூட்டிவிட்டார்கள். பகல் பூராவும் லயத்தில் நானும் தனுஷிகாவும்தான். உண்மையைச் சொன்னால், மிஸ், என் ஆயுசிலேயே சந்தோஷமாக இருந்த காலம் அது. வெளியில் சொல்ல முடியாது, ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிக்கூடம் போனில் நடந்தது. லயத்தில் போன் எடுக்காது. கோயிலுக்கு மேலே சவுக்கு மரங்கள் நிற்கிற மேட்டுக்கு ஏறினால்தான் சிக்னல். பிள்ளைகள் மழைக்கு உரச் சாக்கைத் தலையில் மாட்டிக்கொண்டு அங்கே உட்கார்ந்து படிப்பார்கள். எங்களிடம் இருந்தது பொத்தான் போன். அதனால் தனுஷிகா பக்கத்துப் பிள்ளையின் போனை எட்டி எட்டிப் பார்த்துப் படித்தாள்.

அப்போதுதான் பிரியந்தி மரக்கறி லொறியொன்றில் ஏறி வந்து சேர்ந்தாள். பிள்ளைக்கென்று பெரிய போன் ஒன்று வாங்கி வந்திருந்தாள். சுமன் என்று வத்தளையில் ஆட்டோ ஓட்டுகிற பையனோடு கல்யாண எழுத்து முடிந்துவிட்டதாம், வீடு பார்த்தாகிவிட்டதாம். தனிமைப்படுத்தல் முடிந்ததும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகிறாளாம். வாசலுக்குத் தள்ளி நின்று, மாஸ்க்குக்குள்ளே சிரித்துக்கொண்டு சொன்னாள். "ஒனக்கும் இனி ரெஸ்டு அக்கா" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள்.

அந்த நேரம் கொழும்பிலிருந்து வந்தவர்களைக் கண்டால் சொந்தக்காரரே கதவைச் சாத்துவார்கள். தோட்டத்துச் சங்கத் தலைவர் அழகுமுத்துதான் வழி சொன்னார். லயத்தின் கடைசி அறை, தொங்கல் காம்பரா என்போம், ஆளில்லாமல் கிடந்தது. பின்பக்கம் கக்கூசும் இருந்தது. அதை அடுத்த காம்பரா என்னுடையது. "தங்கச்சி உள்ளயே இருக்கட்டும் நாகலெட்சுமி. சோத்த வாசல்ல வச்சுட்டு வந்துருங்க. வேற ஆரும் அந்தப் பக்கம் போகாம நான் பாத்துக்கிறேன்" என்றார். சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. ஐயா வந்து கதவில் சிவப்புத் தாள் ஒட்டினார். பூட்டுப் போடவில்லை, மிஸ். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கதவு கடைசிவரை பூட்டப்படவே இல்லை.

எங்கள் லயங்களில் நடுச்சுவர் கூரைவரை போகாது. தகரத்துக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி இருக்கும். உப்பு இல்லாவிட்டால் சுவரைத் தட்டினால் போதும், மேலே ஒரு கை வரும். அந்த இடைவெளி வழியாகப் பிரியந்தி பிள்ளையோடு பேச ஆரம்பித்தாள். டொபி எறிந்தாள். கடல் கதை சொன்னாள், ரயில் கதை சொன்னாள். பிள்ளை சுவரில் காதை வைத்துக்கொண்டே சாப்பிட்டாள், சுவரில் முதுகை வைத்துக்கொண்டே படித்தாள். பாதி நேரம் நான் ஒருத்தி அடுப்படியில் இருப்பதே இருவருக்கும் நினைவில்லை.

ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூப்பிட்டேன். "இந்தா வாரேன் பெரியம்மா" என்றாள்.

அந்தப் பக்கத்திலிருந்து பிரியந்தி சிரித்தாள். கேலியாக இல்லை. ஒரு தாய் சிரிக்கிற சிரிப்புத்தான். நான் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, பீலிக்குப் போய்க் கையைக் கழுவினேன்.

மறுநாள் அந்த இடைவெளியை உரச் சாக்குகளால் அடைத்தேன். காற்றில் கிருமி வரும் என்று ரேடியோவில் சொன்னார்களே. தலைவர் பார்த்துவிட்டு, இப்படி எல்லோருக்கும் புத்தி இருந்தால் கொரோனா ஏன் பரவுகிறது என்று பாராட்டினார். பிரியந்தியும் ஒத்துக்கொண்டாள். "ஆமாக்கா, புள்ளைக்கு ஒட்டிரும்" என்றாள். சாக்குக்கு அந்தப் பக்கம் அவள் அழுதது கேட்டது. சாக்கு அவ்வளவு தடிப்பில்லை.

கொஞ்ச நாளில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. கொத்தமல்லி அவித்து வைத்தேன். வேது பிடிக்க இலை பறித்துக் கொடுத்தேன். நான் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. நான் மேட்டில் நின்ற நேரம் பி.எச்.ஐ. ஐயா போனில் விசாரித்தபோது சாதாரணத் தடிமன், சளிதான் என்றேன். அன்றைக்கு அது சாதாரணமாகத்தான் இருந்தது.

அப்புறம் ஒரு காலையில், எல்லோரும் மலைக்குப் போன பிறகு, சுவரைத் தட்டினாள். நான் வெளியே போய்க் கதவருகில் நின்றேன். "அக்கா, மூச்சு இழுக்குது. படுக்க முடியல. மேட்டுக்குப் போயி ஆம்புலன்ஸுக்குச் சொல்லு" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று சொன்னாள். அவள் வாங்கி வந்த பெரிய போன், அவளுடைய சிம்மோடு, தனுஷிகாவின் பாடத்துக்கு என்னிடம்தான் இருந்ததே. "நீயே வந்துடாத, புள்ள இருக்கு" என்றும் சொன்னாள்.

போனை எடுத்துக்கொண்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன். மூடுபனி இல்லை. சிக்னல் நன்றாக இருந்தது. பாடம் தொடங்க நேரம் இருந்தது. நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சவுக்கு மரத்தடியில் நின்றேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் ஒட்சிசன் வைப்பார்கள். பக்கத்துத் தோட்டத்துக் கிழவரே பிழைத்து வந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். இவள் இளசு. பிழைத்துக்கொள்வாள் என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை, மிஸ். அதனால்தான் யோசித்தேன்.

அப்போது அந்தப் போனில் சுமன் கூப்பிட்டான். "தூங்குறா தம்பி, சும்மா எழுப்ப வேணாம்" என்றேன். பிறகு தனுஷிகா போனை வாங்கிக்கொண்டு பாடத்துக்கு உட்கார்ந்தாள். நான் குடை பிடித்தேன். அன்று பறவைகளின் பெயர் படித்தார்கள். நடுவில் ஒரு தடவை திரும்பி, "அம்மாவுக்கு வண்டிக்குச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். "படிக்கிற நேரத்துல பேசாத" என்றேன்.

இறங்கி வந்து கதவருகில் நின்று, வண்டி வருகிறது என்றேன்.

"நல்ல வேளை" என்றாள். உள்ளே பெட்டியின் ஜிப்பை இழுக்கிற சத்தம் கேட்டது. போகத் தயாரானாள். நான் ரொட்டி தட்டினேன். பிள்ளை சாப்பிடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவர் தட்டும்போதெல்லாம் வெளியே போய்ப் பதில் சொன்னேன். லிந்துலையைத் தாண்டிவிட்டதாம் என்றேன். பாலத்தில் லொறி மறித்துக்கொண்டு நிற்கிறதாம் என்றேன். ஒவ்வொரு தடவையும் "சரிக்கா" என்றாள். லயத்தில் போன் எடுக்காது என்பது அவளுக்கும் தெரியும். எனக்கு எப்படிச் செய்தி வருகிறது என்று அவள் கேட்கவே இல்லை. "வண்டி வரும்போது புள்ளைய வெளில விட்ராத அக்கா, பாத்தா பயந்துரும்" என்றாள். பிறகு தட்டவில்லை.

சாயங்காலம், கொழுந்து மடுவத்தில் ஆட்கள் நிறுவைக்கு நிற்கிற நேரம் வந்ததும், பெட்டிமேல் ஏறி ஒரு சாக்கை இழுத்துவிட்டுப் பார்த்தேன். செருப்புப் போட்டு, தலை சீவி, மாஸ்க்கைச் சரியாக மாட்டிக்கொண்டு, கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். சாக்கைத் திரும்பச் செருகினேன். மேட்டுக்கு ஏறி அப்போதுதான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன். வண்டி சீக்கிரமே வந்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் வரும் என்று நான் நினைக்கவில்லை.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த நாட்களில் யார் செத்தாலும் கொரோனா என்ற ஒரு சொல் போதும். தலை முதல் கால்வரை பாதுகாப்புச் சட்டை மாட்டியவர்கள் பொதிந்து எடுத்துக்கொண்டு போனார்கள். தப்படிக்கவில்லை, நீர்மாலை எடுக்கவில்லை. தகனம் செய்துவிட்டதாகப் போனில் சொன்னார்கள். எங்கள் தோட்டத்தில் சாவென்றால் எல்லோரும் வேலையை விட்டு வந்து நிற்பார்கள். அவளுக்கு லயத்து ஆட்கள் தங்கள் வாசல் இஸ்தோப்பில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி. தலைவர் என் தோள்வரை கையைக் கொண்டுவந்து, தொடாமல் எடுத்துக்கொண்டார்.

உறக்கத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். பகலில்தான் கஷ்டம். கோயில் வளைவில் ஏதாவது வண்டி இரைந்து ஏறினால் என் கைவேலை நின்றுவிடும். மரக்கறி வேனாக இருக்கும், தேயிலைத் தூள் லொறியாக இருக்கும். இருந்தாலும் எழுந்து போய் வாசலில் நிற்பேன். யாருக்கோ பதில் சொல்ல வேண்டும் போல வாய் திறக்கும். இன்று உங்கள் வேன் வந்தபோதும் அப்படித்தான் நின்றேன். தொங்கல் காம்பராவுக்குப் புதுக் குடும்பம் வந்துவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளை சுவரைத் தட்டினால் நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போய்விடுகிறேன்.

தனுஷிகா அன்றைக்கே சாக்கையெல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டாள். நான் அடைக்கவில்லை. அவள் சண்டை போடவில்லை. சோறு வைத்தால் சாப்பிடுவாள். ஆனால் அதற்குப் பிறகு என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிட்டதில்லை. அம்மாவும் இல்லை, பெரியம்மாவும் இல்லை. சின்னப் பிள்ளை, ஏக்கத்தில் இருக்கிறாள், சரியாகிவிடும் என்று நான்கு வருஷமாகக் காத்திருக்கிறேன்.

இவ்வளவுதான், மிஸ். ஆம்புலன்ஸுக்குச் சொல்லாமல் விட்டது நான்தான். வருகிறது என்று சொல்லி அவளை உட்காரவைத்ததும் நான்தான். அவள் சாகட்டும் என்றுதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் பிள்ளையைப் பெற்றால் மட்டும் போதுமா, சொல்லுங்கள்? தனுஷிகாவுக்கு வேறு யார் இருக்கிறார்கள்? மறைக்காமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், இனி எங்களுக்குள் மறைக்க ஒன்றும் இல்லை. காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை. வேனில் போய், அம்மா கூப்பிடுகிறாள் என்று மட்டும் சொல்லுங்கள். ஓடி வருவாள்.