அக்கா எழுதிக் கொடுத்த தாள்

– "ரெண்டாவது ஸ்கேனில் கட்டி பாதியாகக் குறைந்திருக்கிறது." முற்றுப்புள்ளி. அடுத்த வரி, "காரணம், உணவு முறை." எப்படிடா இருக்கு?

– கீமோவப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லயேக்கா.

– கீமோ இந்த வார்டுல எல்லாருக்கும்தான் ஏறுது. அதாவது, எல்லாருக்கும் பொதுவா இருக்கறது உனக்கு மட்டும் எப்படிக் காரணமாகும்? கணக்கு டீச்சர்கிட்ட வாதாடாத.

– கையில ஊசியோட உக்காந்திருக்கேன். நான் எங்க வாதாடறது? அத அனுப்பாத, அவ்வளவுதான்.

– நோயாளிங்க குரூப்புல இருநூறு பேர் இருக்காங்க. நாலு மாசமா மாவு, சர்க்கரை, கிழங்கு எதையும் தொடாம, வெண்ணெயும் முட்டையுமா ஒரு மனுஷன் வைராக்கியமா இருந்திருக்கான். அத அவங்களுக்குச் சொல்ல வேணாமா?

– அந்த மனுஷன் யாருன்னு எனக்குத் தெரியல.

– என்ன?

– பன்னு சாப்பிட்டேங்க்கா.

– எப்ப?

– தெனமும்.

– எத்தன?

– ரெண்டு. வேலைக்குப் போற நாள்ல மூணு.

– எங்க வச்சு?

– லிஃப்ட்டுக்கு மேல, மோட்டார் ரூம்ல. பன்னெண்டு மாடிக்கு மேல ஏறி யாரு வந்து பாக்கப் போறா? லிஃப்ட் ரிப்பேர்காரனுக்கு அந்த ஒரு வசதி இருக்கு.

– டீ?

– சர்க்கரையோட.

– எத்தன ஸ்பூன்னு நான் கேக்கல.

– நல்லது.

– நீ பொய் சொல்ற. தெனம் காலையில டெஸ்ட் பட்டைய உன் யூரின்ல முக்கிப் பாத்தேனே. மாவும் சர்க்கரையும் விட்டவங்களுக்குத்தான் அது ஊதாவா மாறும். நூத்திப் பதினாறு நாள்ல நூத்திப் பதினஞ்சு ஊதா. நோட்டுல ஒட்டி வச்சிருக்கேன்.

– அது என்னோடது இல்லக்கா.

– பின்ன யாரோடது?

– அத்தானோடது.

– யாரு, எங்க வீட்டுக்காரரா?

– மொத வாரம், மொத தடவ முக்குனப்ப பட்டை வெளுத்துப் போச்சே, ஞாபகம் இருக்கா? அன்னைக்கு முழுக்க நீ சாப்பிடல. மறுநாள் காலையில அத்தான் பாத்ரூம் வாசல்ல வந்து நின்னாரு. "கப்ப இப்படிக் குடு மச்சான்"னாரு. குடுத்தேன்.

– அவருக்கு எப்படி ஊதா வரும்?

– உன் சமையல ஒழுங்கா சாப்பிட்டது அவர் ஒருத்தர்தான். என் தட்டுல இருக்கறதுல பாதி அவர் தட்டுக்குப் போயிடும். ஒம்போது கிலோ எளைச்சிருக்காரே, நீ கவனிக்கலயா?

– வயசாகுதுன்னு நெனச்சேன்.

– முட்டி வலி போயிடுச்சாம். உனக்கு நன்றி சொல்லச் சொன்னாரு. எப்பச் சொல்றதுன்னுதான் எனக்குத் தெரியல.

– நீ ரெண்டு கிலோ ஏறுனப்ப நான் தசைன்னு சொன்னேன். டயட்டீஷியன் சந்தேகப்பட்டாங்க. அவங்ககிட்ட உன் கைய மடக்கிக் காட்டி, தசைன்னு சொன்னேன்.

– நானும் மடக்குனேன்.

– பிடிக்கலன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமேடா.

– எப்படிச் சொல்றது? ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டு வந்து பாதாம ஒண்ணு ஒண்ணா எண்ணிக்கிட்டு நின்ன. காலிஃப்ளவரத் துருவி சோறுன்னு வச்ச. டாக்டர் மொத நாளே என்ன சொன்னாரு? "இதால கட்டி கரையும்னு நிரூபணம் இல்ல, மருந்துக்கு இது மாத்தும் இல்ல. செஞ்சே ஆகணும்னா எடை குறையாமப் பாத்துக்குங்க"ன்னாரு. சரின்னு எடைய நான் பாத்துக்கிட்டேன். நீ பாதாமப் பாத்துக்கிட்ட.

– டாக்டர் மருந்து எழுதறாரு. சிஸ்டர் ஊசி போடறாங்க. உன் தலைமுடி கொத்துக் கொத்தா தலையணையில கெடந்தப்ப நான் என்ன பண்ண? எனக்குன்னு கெடச்சது ஒரு சமையல் தராசுதான்.

– தெரியும்க்கா.

– தெரிஞ்சுமா ஏமாத்துன?

– தெரிஞ்சதாலதான்.

– சரி. நாலு மாசம் வாயத் தொறக்காதவன் இன்னைக்கு ஏன் தொறந்த?

– பக்கத்து நாற்காலியப் பாரு.

– காலியா இருக்கு. தையல்காரம்மா இன்னும் வரலயா?

– வந்துட்டுப் போயிட்டாங்க. நீ காரை நிறுத்தப் போயிருந்த. எடை மிஷின்ல ஏறுனாங்க. முப்பத்தொம்பது. இந்த எடைக்கு மருந்து ஏத்த முடியாது, தேறிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.

– போன தடவ நாப்பத்தஞ்சு இருந்தாங்களே.

– சிஸ்டரும் அதத்தான் கேட்டாங்க, ஏம்மா இப்படி எளைச்சிட்டீங்கன்னு. அதுக்கு அவங்க, "டயட்டுல இருக்கேன், இந்தத் தம்பியோட அக்கா எழுதிக் குடுத்தது"ன்னு என்னக் கை காட்டுனாங்க. நான் வயித்துல ரெண்டு பன்னோட உக்காந்திருக்கேன்.

– நான்தான் குடுத்தேன். ஒரு தாளு, ரெண்டு பக்கமும். அழியக்கூடாதுன்னு லேமினேட் பண்ணிக் குடுத்தேன்.

– அதான் சொல்றேன், அனுப்பாத. அவங்க ஒருத்தரு. குரூப்புல இருநூறு பேரு.

– அழிச்சிட்டேன்.

– சரி.

– அவங்களுக்குப் போன் போடு.

– இப்பவா?

– ஸ்பீக்கர்ல போடு. என் தப்பு, நானே சொல்றேன்.

– அவசரப்படாதக்கா. மொதல்ல உக்காரு.

– தப்பாப் போட்ட கணக்க அடிச்சுட்டு மறுபடி போடச் சொல்லி இருபது வருஷமா பசங்க உயிர வாங்கறவ நான். போடுடா.

– ஹலோ, யாரு?

– அம்மா, நான்தான், உங்க பக்கத்து நாற்காலி, லிஃப்ட்காரன். அக்கா உங்ககிட்ட பேசணுமாம்.

– அட, டீச்சரம்மாவா! இருங்க, மெஷின நிறுத்திடறேன். ஓரம் அடிச்சுக்கிட்டிருந்தேன். வீட்டுக்கு வந்து சும்மா உக்கார முடியல. ஆங், சொல்லுங்கம்மா.

– அம்மா, நான் குடுத்த தாள மொதல்ல கிழிச்சுப் போடுங்க.

– கிழிக்க வராதுக்கா. லேமினேட்.

– நீ பேசாம இரு. அம்மா, என் தம்பி அதுல இருக்கற மாதிரி ஒரு நாள்கூட சாப்பிடல. பன்னு சாப்பிட்டிருக்கான். அவனுக்குக் கட்டி குறைஞ்சது மருந்தால. அதாவது, நான் சொன்னது தப்பு. டாக்டர கேக்காம உங்களுக்கு எழுதிக் குடுத்தது அதவிடத் தப்பு. இன்னைக்கே ரொட்டி, கஞ்சி, உருளைக்கிழங்கு, எது பிடிக்குதோ அதச் சாப்பிடுங்க. எடை ஏறட்டும். என்ன மன்னிச்சிடுங்கம்மா.

– ஐயய்யோ, அழாதீங்க. ஒண்ணுமில்லம்மா. அந்தத் தாளுல இருக்கறதுல ஒண்ணுகூட நான் செஞ்சு சாப்பிட்டதில்ல.

– ஆறு கிலோ குறைஞ்சிருக்கீங்களே!

– அது வேறம்மா. எதுவும் எறங்க மாட்டேங்குது. ரொட்டிய நனைச்சும் பாத்தேன், கஞ்சியும் பாத்தேன். தொண்டையில நிக்குது. தண்ணிகூட ரெண்டு வாய்க்கு மேல போகல. மூணு வாரமா இப்படித்தான்.

– டாக்டர்கிட்ட சொன்னீங்களா?

– இல்லம்மா.

– ஏன் சொல்லல?

– சொன்னா, ஏன் எறங்கலன்னு பாப்பாங்க. பாத்தா, எதையாவது கண்டுபிடிப்பாங்க. பொண்ணுக்கு இது ஒம்போதாவது மாசம். அவ பெத்து எந்திரிக்கட்டும்னு இருக்கேன்.

– ஆனா சிஸ்டர்கிட்ட டயட்டுன்னு சொன்னீங்களாமே...

– அதுக்குத்தாம்மா உங்க தாளு உதவுச்சு. எளைச்சிட்டீங்களேன்னு யாரு கேட்டாலும் எடுத்துக் காட்டிடுவேன், அதுக்கு மேல ஒருத்தரும் கேக்கறதில்ல. எம் பொண்ணு உங்களுக்குப் போன் பண்ணுனா நீங்களும் அதையே சொல்லிடுங்க, என்ன?