தூதரக வாசலில் வெடிச்சத்தம்

மயூர் விஹாரில் மெட்ரோ ஏறியதும், பக்கத்தில் நின்ற இளைஞன் தமிழில் சொன்னது காதில் விழுந்தது.

"துப்பாக்கிய என் நெஞ்சுக்கு நேரா நீட்டிட்டான், மாமா."

கூட நின்ற நரைத்த தலைக்காரர் கேட்டார்: "உன் ஓட்டை பைக் அவ்வளவு சத்தமாவா வெடிச்சுது?"

"எம்பசி கேட் முன்னாடி கியர் மாத்தினேன். சைலன்சர்ல படார்னு ஒரு சத்தம். வண்டி ஆஃப். யாரோ சுடறாங்கன்னு கார்டு நெனச்சுட்டான். கையைத் தூக்கிட்டு நின்னேன். விசாரிச்சுட்டு, எதிர் மரத்தடியில நிறுத்திட்டுப் போன்னாங்க."

"பொறி விடற பழைய பாயின்டைக் கழட்டிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டினியே, டைமிங் யாரு வச்சது?"

"நான்தான். பழைய மார்க்லயே வச்சேன்."

"அச்சா. புதுசுக்கு அந்த மார்க் சரிவராதுடா. பொறி தப்பான நேரத்துல அடிக்குது, எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய் வெடிக்குது. ஸ்க்ரூ டிரைவர் கொண்டு வந்திருக்கேன், இப்பப் போய் இறங்கினதும் சரி பண்ணிடலாம். அஞ்சு நிமிஷ வேலை."

எனக்கு எரிச்சலாக வந்தது. ஓர் உயிர் போயிருக்கும். இந்த ஆள் அஞ்சு நிமிஷம் என்கிறார்.

"சரி பண்ணினப்புறம், மாமா?"

"கிக் அடிச்சுப் பார்க்கணும். அப்பத்தானே தெரியும்."

"அங்க நின்னா? முதல் கிக்லயே மறுபடி வெடிச்சா?"

மாமா கதவுக்கு மேலிருந்த ஸ்டேஷன் வரைபடத்தைப் பார்த்தார்.

"எம்பசிப் பக்கமே வேண்டாம். ஆர்.கே.புரம் வரைக்கும் தள்ளிட்டே போய் அங்க கிக் அடிச்சுக்கலாம்," என்றார்.

"நடுவுல ஃப்ளைஓவர் இருக்கே."

"இருக்கட்டும். நீ பாதி வழியிலயே கிக் அடிச்சுடுவ, சாவியை இப்பவே என்கிட்ட குடுத்துடு."